பழனிமலையில வெந்நீர் ஊற்று இருக்கா, குடும்பத்தோட ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?

நீங்க கேட்டது இது. திண்டுக்கல்ல இருக்கீங்க, கொடைக்கானலுக்கு மேல ஏதோ ஒரு கிராமத்துல வெந்நீர் ஊற்று இருக்குனு ரீல்ஸ்ல பார்த்தீங்க, ஆவி பறக்குற தண்ணி, சுத்தி புல்வெளி. நீங்க, வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, முட்டிவலியோட இருக்கிற உங்க அத்தை எல்லாரும் காலைல கிளம்பிப் போய் குளிச்சிட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்ப முடியுமா, அத்தை முட்டிக்கு அந்தத் தண்ணி நல்லதா.

நேராவே சொல்லிடறேன், பழனிமலையில, அதாவது கொடைக்கானல் இருக்கிற மலைத்தொடர் முழுக்கவே, வெந்நீர் ஊற்று கிடையாது. நீலகிரியிலயும் கிடையாது. அந்த வீடியோவை நம்பி யாராவது டிரைவர் "நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னா காசு குடுத்துறாதீங்க. ஆனா உங்க மனசுல இருக்கிற ஆசை, அதாவது கூட்டம் இல்லாத ஒரு மலை ஊருக்குப் போய் எல்லாரும் தண்ணி பக்கத்துல நிதானமா ஒரு நாள் உக்காந்துட்டு வரணும்ங்கிறது, அது இங்க தாராளமா நடக்கும், அதைத்தான் விரிவா எழுதறேன்.

முதல்ல அந்த ஆவி என்னனு பாத்துருவோம். டிசம்பர், ஜனவரில விடியக்காலைல கொடைக்கானல்ல உறைபனி விழும், புல்லு மேல வெள்ளையா படிஞ்சிருக்கும். அந்த நேரத்துல ஏரித் தண்ணியை விட மேல இருக்கிற காத்து ரொம்ப குளிர்ந்து கிடக்கும். தண்ணி பகல் வெயில்ல வாங்குன சூட்டை மெதுவாதான் விடும், காத்து டக்குனு குளிர்ந்துரும். தண்ணியில இருந்து எழும்புற ஈரம் அந்தக் குளிர் காத்துல பட்டதும் குட்டிக் குட்டித் துளியா மாறி புகை மாதிரி தெரியும். அவ்ளோதான். பாக்குறவங்களுக்கு தண்ணி கொதிக்குற மாதிரி இருக்கும், கைய விட்டா விரல் மரத்துப் போகும். வெயில் ஏறி ஒரு மணி நேரத்துல புகை காணாம போயிரும், உண்மையான வெந்நீர் ஊற்றா இருந்தா மத்தியானமும் சூடா இருக்கணும்ல.

ஏன் இங்க சூடு இல்லைங்கிறதுக்கும் காரணம் இருக்கு. வெந்நீர் ஊற்று வரணும்னா ஒண்ணு பக்கத்துல எரிமலைச் சூடு இருக்கணும், இல்லைன்னா மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா கிலோமீட்டர் கணக்குல ஆழமா இறங்கி அங்க சூடாகி, ஆறுறதுக்குள்ள வேகமா இன்னொரு வெடிப்பு வழியா மேல ஏறி வரணும். பொதுவா பூமிக்குள்ள ஒரு கிலோமீட்டர் இறங்குனா 25லேர்ந்து 30 டிகிரி ஏறும்னு கணக்கு சொல்வாங்க, தென்னிந்தியாவோட பழைய பாறைகள்ல அது இன்னும் கம்மி. பழனிமலையும் நீலகிரியும் சார்னோகைட்னு சொல்ற ரொம்பப் பழைய கெட்டிப் பாறை, எரிமலையும் கிடையாது. இங்க பெய்யுற மழை மேல இருக்கிற மண்ணுலயும் மக்கிப்போன பாறையிலயும் சோலைக்காட்டு வேர்லயும் ஊறி, கொஞ்ச நாள்லயோ மாசத்துலயோ பக்கத்துப் பள்ளத்துல சுனையா வெளிய வந்துருது. ஆழத்துக்குப் போறதே இல்ல, அதனால நம்ம சுனை எல்லாம் சில்லுனுதான் இருக்கும். இதை நான் குறையா சொல்லல. பழனிமலையோட வடக்குப் பக்கம் இறங்குற தண்ணி அமராவதியில சேர்ந்து காவிரிக்குப் போகுது, தெக்குப் பக்கம் மஞ்சளாறு, வராகநதி வழியா வைகைக்குப் போகுது, பழனிக்கு நடந்து வர்ற பக்தருங்க குளிக்கிற சண்முகநதியும் இதே மலைத் தண்ணிதான். சோலையில ஊறுற அந்தக் குளிர்ந்த தண்ணி இல்லைன்னா கீழ இத்தனை ஊருக்கு விவசாயமே இல்ல.

நிஜமான வெந்நீர் ஊற்றுதான் பாக்கணும்னா அதுக்கு லீவு போட்டுட்டுதான் போகணும். நம்ம ஜனங்களுக்கு மனசுக்கு நெருக்கமானது இலங்கையில திருகோணமலை பக்கத்துல இருக்கிற கன்னியா வெந்நீர் ஊற்று, ஏழு சின்னக் கிணறு பக்கத்துல பக்கத்துல, ஒவ்வொண்ணுலயும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், இராவணன் தன்னோட அம்மாவுக்குச் செய்ய வேண்டிய கடன் செய்யுறதுக்காக உண்டாக்குனதுனு கதை. அதுல இறங்கிக் குளிக்க முடியாது, வாளியில மொண்டு ஊத்திக்கிறதுதான். வடக்க போனா இமாசலத்துல மணிகரண், பார்வதி நதி ஓரத்துல, தண்ணி கொதிக்கக் கொதிக்க வருது, அங்க இருக்கிற குருத்வாராவுல அந்தச் சூட்டுலயே அன்னதானத்துக்கு சமைக்கிறாங்க. மும்பை பக்கம் வஜ்ரேஷ்வரி, கணேஷ்புரி. கர்நாடகாவுல புத்தூர் பக்கத்துல பெந்த்ரு தீர்த்தம்னு ஒண்ணு, அது மிதமான சூடுதான். இது எதுவும் திண்டுக்கல்ல இருந்து ஒரு நாள் கணக்குல வராது.

சரி, இப்ப உங்க ஒரு நாள். என் யோசனை இதுதான்: கொடைக்கானல் டவுனை ஒதுக்கிட்டு மேல்மலைக்குப் போங்க. பூம்பாறை, மன்னவனூர், ரெண்டே ரெண்டு ஊர். கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைனு இன்னும் உள்ள உள்ள ஊருங்க இருக்கு, எல்லாமே அழகுதான், ஆனா வயசானவங்களையும் பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு ஒரே நாள்ல அதெல்லாம் தொட நினைச்சா கார்ல உக்காந்ததுதான் மிச்சமாகும். போட்டிங், கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ் இதெல்லாம் இந்தத் தடவை வேண்டாம், அதுக்குத் தனியா ஒரு நாள் தங்குற மாதிரி வாங்க. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை டிராஃபிக்ல மாட்டுனா அங்கயே ரெண்டு மணி நேரம் போயிரும்.

காலைல நாலரைக்குக் கிளம்பிருங்க, இது ரொம்ப முக்கியம். வத்தலக்குண்டு வழியா காட்ரோட்டைப் பிடிச்சு மலை ஏறும்போது வெளிச்சம் வந்திருக்கணும். ஏறுற வழியில டம் டம் பாறை வியூ பாயிண்ட்ல நிறுத்தி எதிர்ப்பக்கம் பாருங்க, தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவினும் சொல்வாங்க, 297 மீட்டர், தமிழ்நாட்டுலயே உயரமான அருவி. தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும், மழைக்காலத்துலதான் நல்லா இருக்கும். அதுக்கப்புறம் டவுனுக்கு ஒரு 8 கிலோமீட்டர் முன்னாடி வெள்ளி நீர்வீழ்ச்சி ரோட்டு ஓரத்துலயே வரும், பிள்ளைங்க குளிக்கணும்னு அடம் பிடிப்பாங்க, வேண்டாம்னு சொல்லிருங்க. அது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியுற தண்ணி, டவுனோட கழிவும் கலந்து வர வாய்ப்பு இருக்கு. பாத்துட்டுப் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துருங்க, குரங்கும் அங்க ஜாஸ்தி, கையில தின்பண்டம் வச்சிருந்தா பிடுங்கிரும்.

பிள்ளைங்களுக்கு வாந்தி வரும், அதுக்கு இப்பவே ரெடியா இருங்க. வெறும் வயித்துலயும் கூட்டிட்டுப் போகாதீங்க, வயிறு முட்டவும் குடுக்காதீங்க, ரெண்டு இட்லி போதும். போன் பாக்க விடாதீங்க, முன்னாடி ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைங்க. அத்தையை முன் சீட்டுல உக்கார வச்சா முட்டியை நீட்டிக்க வசதி, நடுவுல ரெண்டு எடத்துல இறக்கி நாலு அடி நடக்க விடுங்க, மூணு மணி நேரம் ஒரே மாதிரி மடக்கி உக்காந்தா மேல போய் இறங்கவே முடியாது.

எட்டு மணிக்கு டவுன் வந்தீங்கன்னா டிபன் முடிச்சு, பெட்ரோல் ஃபுல் பண்ணிக்கிட்டு, ஏடிஎம்ல கொஞ்சம் ரொக்கமும் எடுத்துக்கங்க, மேல சிக்னல் விட்டு விட்டுதான் வரும், ஜிபேயை நம்ப முடியாது. அங்கிருந்து பூம்பாறை 20 கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா முக்கால் மணி நேரம் ஆகும். ஊர் வர்றதுக்கு முன்னாடியே ரோட்டுல ஒரு வளைவுல இருந்து மொத்த ஊரும் கீழ தெரியும், படிப்படியா வெட்டுன வயக்காடு, நடுவுல ஓட்டு வீடும் தகர வீடுமா நெருக்கமா கட்டுன ஊர். எனக்கு இந்த மலையிலயே ரொம்பப் பிடிச்ச காட்சி இது. வேற எதுவும் பாக்கலைன்னாலும் அந்த இடத்துல அரை மணி நேரம் நில்லுங்க. ஒவ்வொரு படியிலயும் ஒரு பயிரு, கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, அதுக்கு நடுவுல பூண்டு. எல்லாத்துக்கும் தண்ணி மேல இருக்கிற சோலையில இருந்து இறங்கி வர்ற ஓடைதான், அதைத்தான் மேல சொன்னேன்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. சமவெளிப் பூண்டு மாதிரி இல்ல, காரமும் வாசனையும் கூட, ரொம்ப நாள் கெடாது. விளைச்ச வீடுகள்ல கட்டுக் கட்டா தொங்க விட்டு அடுப்புப் புகை படுற மாதிரி வச்சிருப்பாங்க. வாங்குறதா இருந்தா ரோட்டோர டூரிஸ்ட் கடையில வாங்காதீங்க, ஊருக்குள்ள வீட்டுல விக்கிறவங்ககிட்ட வாங்குங்க, விளைவிச்சவங்க கைக்கு நேரா காசு போகும், உங்களுக்கும் கலப்படம் இல்லாம கிடைக்கும். பேரமும் ரொம்ப பேசாதீங்க, அந்தப் படி வயல்ல டிராக்டர் இறங்காது, எல்லாம் ஆள் முதுகுலயும் குதிரை முதுகுலயும் ஏத்தி வர்றது.

ஊருக்குள்ள குழந்தை வேலப்பர் கோயில் இருக்கு. பழனி மூலவர் மாதிரியே இங்கயும் போகர் நவபாஷாணத்துல செஞ்சதுங்கிறது நம்பிக்கை. அத்தைக்கு இது பெரிய சந்தோஷமா இருக்கும், பழனியில படி ஏற முடியாத எத்தனையோ பெரியவங்க இங்க வந்து முருகனைப் பாத்துட்டுப் போறாங்க. தெரு குறுகல், காரை ஊருக்குள்ள திணிக்காதீங்க, வெளிய நிறுத்திட்டு மெதுவா நடந்து போங்க, அத்தைக்கு கைத்தடி ஒண்ணு இருந்தா நல்லது. சன்னதி மதியம் சாத்திருவாங்க, அதனால காலையிலயே போயிடணும்.

அடுத்து மன்னவனூர், டவுன்ல இருந்து கணக்குப் போட்டா சுமார் 35 கிலோமீட்டர். இது வேற மாதிரி இடம், காடு திடீர்னு விலகி பெரிய புல்வெளி, நடுவுல ஏரி. வனத்துறை சூழல் சுற்றுலா மையம் நடத்துது, பரிசல் போகலாம். மத்திய அரசோட செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் அங்கதான், பாரத் மெரினோங்கிற கம்பளி ஆடு வளக்குறாங்க, முயலும் இருக்கு, பிள்ளைங்க அங்கிருந்து நகரவே மாட்டாங்க. ஒரு விஷயம் கவனிங்க, ஏரிக்குச் சரிவுல இறங்கி நடக்கணும், இறங்குறது சுலபம், திரும்ப ஏறும்போது முட்டி சொல்லும். அத்தையை ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்னு கட்டாயம் இல்ல, மேலயே பாய் விரிச்சு உக்கார வச்சா மொத்தமும் அவங்க கண்ணு முன்னாடி தெரியும், நீங்களும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி பிள்ளைங்களோட கீழ போய்ட்டு வாங்க. ஏரியில இறங்கிக் குளிக்கக் கூடாது. அடியில சேறு, தண்ணி குளிர்ல தசை பிடிச்சுக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களே மூழ்கிருவாங்க.

சாப்பாடு வீட்டுல இருந்து கட்டிட்டுப் போங்க, புளியோதரை, தயிர்சாதம், உருளை வறுவல். மேல்மலையில சின்ன மெஸ் இருக்கு, சாப்பாடும் நல்லாதான் இருக்கும், ஆனா லீவு நாள்ல மதியம் ஒரு மணிக்கெல்லாம் தீர்ந்துரும். தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கங்க, 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் கொடைக்கானல்ல தடை, செக்போஸ்ட்ல பிடிச்சா ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்குறாங்க. தயவு செஞ்சு இதை காசு விஷயமா பாக்காதீங்க, புல்வெளியில போடுற கவரை மேய வர்ற காட்டுமாடும் மாடும் தின்னுது, ஓடையில போடுறது கீழ வைகை வரைக்கும் போகுது.

இ-பாஸ் மறந்துறாதீங்க. 2024 மே 7ல இருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டி எதுல போனாலும் ஆன்லைன்ல எடுக்கணும், இலவசம்தான். சீசன் நேரத்துல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு வரம்பு வைக்கிறாங்க, அதனால முதல் நாள் ராத்திரி எடுத்துக்கலாம்னு விட்டுராதீங்க. அரசு பஸ்ல போனா பாஸ் வேண்டாம், கொடைக்கானல்ல இருந்து மேல்மலை ஊருகளுக்கு பஸ் இருக்கு, ஆனா கம்மி, அத்தையோட அது சரிப்படாது.

இப்ப குளியல். பிள்ளைங்களுக்குத் தண்ணியில ஆடணும், அதுதான் முக்கியம்னா மேல போகாதீங்க, கீழ கும்பக்கரை போங்க. பெரியகுளத்துல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள, கொடைக்கானல் மலையோட அடிவாரம், மேல வட்டக்கானல் பக்கம் உருவாகுற பாம்பாறுதான் அங்க அருவியா விழுது. அதே மலைத் தண்ணிதான், அடிவாரத்துக்கு வந்ததால அவ்ளோ விறைக்காது. திண்டுக்கல்ல இருந்து ரெண்டு மணி நேரம் போல, வளைவும் கிடையாது. வனத்துறை டிக்கெட் வாங்கிட்டு உள்ள விடுவாங்க. பாறை வழுக்கும், அங்கங்க யானை கெஜம், பாம்பு கெஜம்னு பேர் வச்ச ஆழமான பள்ளங்க இருக்கு, அதுல உயிர் போயிருக்கு, கம்பி கட்டுன இடத்தைத் தாண்டவே கூடாது. இன்னொண்ணு, கீழ வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை பெஞ்சா கொஞ்ச நேரத்துல வெள்ளம் வந்துரும். தண்ணி கலங்கி இலை தழை மிதந்து வர ஆரம்பிச்சா யார் சொல்றதுக்கும் காத்திருக்காம வெளிய வந்துருங்க. வெள்ள நேரத்துல குளிக்கத் தடை போடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி செய்தி பாத்துக்கங்க. கும்பக்கரையையும் மன்னவனூரையும் ஒரே நாள்ல சேக்க நினைக்காதீங்க, அடுக்கம் வழியா குறுக்கு ரோடு இருக்கேனு மேப் காட்டும். குடும்பத்தோட அதுல போகாதீங்க, ரோடு குறுகல், மழைன்னா மண் சரியும்.

அத்தை முட்டிக்கு வருவோம், நீங்க கேட்டதுல எனக்கு மனசுல நின்னது அதுதான். வெதுவெதுப்பான தண்ணியில உக்காந்தா மூட்டு இறுக்கம் தளரும், அது உண்மை. அது ஊத்துத் தண்ணியா இருந்தாலும் அண்டாத் தண்ணியா இருந்தாலும் சூடுதான் வேலை செய்யுது, தேய்மானத்தை எந்த ஊத்தும் சரி பண்ணாது. அதனால டவுன்லயோ பூம்பாறை பக்கமோ ஒரு ஹோம்ஸ்டேயில பகல்ல சில மணி நேரத்துக்கு ரூம் தருவாங்களானு முன்கூட்டியே போன்ல கேட்டு வைங்க. மேல்மலை வீடுகள்ல விறகு பாய்லர் இருக்கும், நல்லா தாராளமா வெந்நீர் கிடைக்கும். மன்னவனூர்ல இருந்து திரும்பி வரும்போது அங்க நிறுத்தி அத்தையை வெந்நீர்ல குளிக்க வைங்க, இல்லைன்னா ஒரு அகலமான டப்புல முழங்கால் வரைக்கும் நனையுற மாதிரி தண்ணி ஊத்தி கல்லுப்பு போட்டு கால் மணி நேரம் உக்கார வைங்க. சூடு 40 டிகிரிக்கு மேல போக வேண்டாம், உங்க கையை முழங்கை வரைக்கும் விட்டுப் பாத்து சுகமா இருந்தா சரி. அவங்களுக்கு சுகர் இருந்தா கால்ல சூடு தெரியாது, அவங்க "பரவால்ல"னு சொன்னாலும் நீங்கதான் பாக்கணும். பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை எடுக்குறவங்கன்னா முழு உடம்பும் சூட்டுல முங்குறது வேண்டாம், எந்திரிக்கும்போது தலை சுத்தும், காலுக்கு மட்டும் போதும். முட்டி வீங்கி, தொட்டா சுடுதுன்னா வெந்நீரே வேண்டாம், டாக்டரைப் பாருங்க. குளிச்ச உடனே மலைக் காத்துல நிக்க விடாம துடைச்சு, சாக்ஸ் போட்டு, மங்கி கேப் மாட்டி, சூடா ஒரு சுக்குக் காப்பி குடுங்க.

எந்த மாசம்னு கேட்டீங்கன்னா, ஏப்ரல், மே கூட்டத்தைத் தவிர்த்துருங்க. அக்டோபர், நவம்பர்ல மழை, மண்சரிவு, புல்லுல அட்டைப் பூச்சி. ஜனவரி கடைசில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் வானம் தெளிவா இருக்கும், ஸ்வெட்டர் போட்டா அத்தைக்கும் தாங்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல வயல் பச்சையா இருக்கும், ஆனா மூடுபனி எப்ப வரும்னு சொல்ல முடியாது. குறிஞ்சி பாக்கணும்னா 2030 வரைக்கும் காத்திருக்கணும், போன தடவை 2018ல பூத்தது.

மன்னவனூர்ல இருந்து மதியம் ஒண்ணரை, ரெண்டுக்குள்ள கிளம்பிருங்க. பாய்லர் தண்ணிக்கு ஒரு மணி நேரம் போனாலும் அஞ்சு மணிக்கு பெருமாள்மலை தாண்டிரலாம். சாயங்காலம் ஆனா பூம்பாறை ரோட்டுல காட்டுமாடு குறுக்க நிக்கும், மூடுபனியில பத்து அடிக்கு முன்னாடி இருக்கிறதே தெரியாது, ஹாரன் அடிக்காம, லைட்டை டிம் பண்ணிட்டு அது போற வரைக்கும் வண்டியிலயே இருங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வரச் சொல்லுங்க, பிரேக் மேலயே காலை வச்சிருந்தா சூடாகி பிடிக்காமப் போயிரும், ரப்பர் கருகுற வாசனை வந்தா ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டுட்டுதான் கிளம்பணும்.